கலகெதரை இறக்கமும் ஒரு மஞ்சள் துணியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்தாங்கொள்ளி. கண்டியில் கொழும்புத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த மலைகளுக்கு நடுவில்தான். ஆனாலும் பஸ் ஏறினால் பள்ளத்துப் பக்கத்து ஜன்னலில் உட்கார மாட்டேன். மழை நாளில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டை மணிக்கொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இப்படிப்பட்ட ஒருவன் அறுபது வயது தாண்டிய மொரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கி, பழைய கார் வைத்திருப்பவர்களின் கிளப்பில் வேறு சேரப் போனானே, எதற்கு? என் மனைவி விமலாவும் இதைத்தான் கேட்கிறாள். இரண்டு வருடமாகக் கேட்கிறாள்.

கடைக்கு ஒரு கண்ணாடி அலுமாரி பார்க்க நாவலப்பிட்டிக்குப் போயிருந்தேன். அலுமாரிக்குப் பின்னால் இது நின்றது. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், வட்ட வட்டமாய் இரண்டு விளக்கு. என்னமோ என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. அலுமாரி வாங்கவில்லை. காரை ஓட்டிக்கொண்டு வரத் தைரியம் இல்லாததால் லொறியில் ஏற்றித்தான் கண்டிக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து வாவியைச் சுற்றி ஒரு ரவுண்ட், ஞாயிற்றுக்கிழமை கோயில், அவ்வளவுதான் அதற்கு வேலை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நானும் நிம்மதி, அதுவும் நிம்மதி.

எங்கிருந்தோ ஒரு கல் பறந்து வந்து முன்கண்ணாடியில் விழுந்ததில் அந்த நிம்மதி போயிற்று. மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். கொழும்பு வரை விசாரித்தேன், அந்தக் கண்ணாடி எங்கேயும் இல்லை. கண்டிப் பக்கத்துப் பழைய கார் கிளப்பிடம் மட்டும் ஒன்று பத்திரமாக இருக்கிறதாம். ஆனால் உறுப்பினர்களுக்குத்தான் கொடுப்பார்கள். உறுப்பினராவதற்குப் பரீட்சை, சிபாரிசு என்று ஒன்றும் கிடையாது. அவர்களோடு சேர்ந்து ஒரு நாள் பயணம் போக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். விரிசல் வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டிருந்தது. கண்ணாடி கிடைக்காவிட்டால் காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்க வேண்டியதுதான். ஆகவே எப்படியாவது கிளப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கிளப்பின் செயலாளர் கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை நடத்துபவர். எல்லோரும் அவரை அண்ணன் முறை வைத்து நிசாம் நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். போனில் நல்ல தன்மையாகத்தான் பேசினார்.

"பெரிசா ஒண்டும் இல்ல, வந்து எங்களோட ஓடிக் காட்டுங்க. கட்டுகஸ்தோட்டையில சேர்றோம், கலகெதரையால இறங்கி மாவத்தகமையில சாப்பாடு. அடியில எங்கயாலும் துரு ஈக்கா எண்டு மட்டும் பாத்து வைங்க, எங்கட தலைவர் குனிஞ்சு பாக்கிற ஆள்."

அவர் சொன்னதில் இரண்டு சொல் என்னைப் பிடித்துக்கொண்டன. ஒன்று 'இறங்கி'. மற்றது 'துரு'. இறக்கத்துக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. துருவுக்குச் செய்யலாம் அல்லவா? சனிக்கிழமை மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். பழைய எஞ்சின் ஒயிலில் மண்ணெண்ணெய் கலந்து, செடிக்கு மருந்தடிக்கும் பம்பில் ஊற்றி, காருக்கு அடியில் படுத்துக்கொண்டு அடித்தேன் பாருங்கள், ஒரு இடம் விடவில்லை. சில்லுகளுக்கு உள்பக்கம், இடுக்கு, மூலை, ஓட்டை எல்லாவற்றுக்கும். மிச்சத்தைக் காருக்கு மெருகு போடும் மஞ்சள் துணியில் நனைத்து இன்னொரு தடவை துடைத்தேன். அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி மினுங்கியது. விமலா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "காருக்கு எண்ணெய்க் குளியலா? தலைக்கு சீயக்காய் வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கண்ணை மூடினால் வளைவு, திறந்தால் கூரை. விமலாவை வர வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "ஓட்டுறது நீங்க, அதனாலதான் வர்றேன்" என்றாள். கணக்கு டீச்சர். அவளோடு வாதாடி ஜெயித்த சரித்திரம் எனக்கு இல்லை.

பெரஹெரா ஊர்வலமெல்லாம் முடிந்த மறு ஞாயிறு. கண்டி ரோட்டெல்லாம் அப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காலை ஆறரைக்கு வீட்டிலிருந்து புறப்பட்டோம். கட்டுகஸ்தோட்டைக்கு ஐந்து கிலோமீற்றர்தான், ஆனால் எனக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. இதே மாதிரி போக நினைப்பவர்கள் ஞாயிறு ஏழு மணிக்கு முன்னால் பாலத்தைத் தாண்டிவிடுங்கள். பிந்தினால் சந்தைக்கு வரும் லொறிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, கிளட்ச் மிதித்து மிதித்தே கால் மரத்துப்போகும்.

பாலம் தாண்டி ஒரு வெட்டவெளியில் வண்டிகள் வரிசையாக நின்றன. என்னுடையதையும் சேர்த்து ஒன்பது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்கக் கண் கொள்ளவில்லை. தலைவர் ஓய்வு பெற்ற மிருக வைத்தியர், சிங்களக் கனவான். சொன்ன மாதிரியே குனிந்து என் காரின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்து "ஷோக்" என்று மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாதி உறுப்பினராகிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டேன்.

பிறகு நிசாம் நானா வந்து ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு ஒரு வழக்கத்தைச் சொன்னார். இந்தக் கட்டுரைக்கே அதுதான் மூலம், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

"மெருகு போடுற மஞ்சத் துணி ஈக்குதானே? எல்லார்ட்டயும் ஈக்கும். அத தங்கச்சிட கைக்கு எட்டுற எடத்துல வைங்க. வழியில வண்டிக்கு ஏதாலும் எண்டா, இல்லாட்டி ஒங்களுக்கே பயமா ஈந்தா, அத ஜன்னலால வெளிய போடுங்க. நான் கடைசி வண்டி. துணியக் கண்டா கை எடுக்காம ஹோன் அடிப்பன். முன்னுக்குப் போற அத்தன பேரும் நிப்பாட்டுவாங்க. ஏன் போட்டீங்க எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அது எங்கட கிளப்புட பழக்கம்."

"பயமா இருந்தாக்கூட போடலாமா?" என்று விமலா கேட்டாள்.

"பயத்துக்குத்தான் தங்கச்சி மெயினா."

நான் பெரிய வீரன் மாதிரி சிரித்தேன். மனதுக்குள் ஓடியது வேறு. முதல் பயணத்திலேயே துணி போட்டவனுக்கு இவர்கள் கண்ணாடி கொடுப்பார்களா? ஏன் என்று வாயால் கேட்க மாட்டார்கள், சரி. மனதுக்குள் குறித்துக்கொள்ள மாட்டார்களா? என்ன ஆனாலும் இன்றைக்குத் துணி வெளியே போகக்கூடாது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். விமலா துணியை எடுத்து மடியில் வைத்தாள். நேற்றைய ஒயில் ஊறி, மஞ்சள் என்று சொல்ல ஓர் ஓரம்தான் மிச்சம் இருந்தது. அவள் மூக்கைச் சுளித்து, ஒரு பேப்பரில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

வரிசையில் எனக்கு எட்டாவது இடம். எனக்குப் பின்னால் நிசாம் நானாவின் ஆஸ்டின். எனக்கு முன்னால் ஒரு பழைய பென்ஸ், கறுப்பு நிறம், பத்தாயம் மாதிரி கனம். அதை ஓட்டியவர் பரா சேர். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மனிதர் ஊர்ந்தார். முப்பதுக்கு மேல் முள் ஏறவில்லை. மற்றவர்களெல்லாம் ஒரு வளைவு முன்னால் போய்விட்டார்கள், இவர் மட்டும் என் மூக்குக்கு முன்னால் ஊர்கிறாரே, இப்படி ஒரு ஆமையை எனக்கு முன்னால் ஏன் விட்டார்கள் என்று எரிச்சல் வந்தது. விமலாவிடம் முணுமுணுத்தேன். "உங்களுக்கு வேகமாப் போகணுமா? நீங்களா?" என்றாள்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கலகெதரைக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும். ரோடு நல்ல ரோடு. மேடும் பள்ளமுமாகப் போகும், இரண்டு பக்கமும் பலாவும் மிளகுக் கொடியும். முதலாவது சந்தேகம் அங்கேதான் வந்தது. ஒரு பஸ் நின்றதால் பிரேக் போட்டேன். கார் இடது பக்கம் இழுத்தது. யாரோ ஸ்டியரிங்கைப் பிடித்து மெதுவாகத் திருப்புவது போல. அடுத்த தடவையும் இழுத்தது. கூடவே ஒரு வாசம், அடுப்பில் சட்டி காய்ந்தது மாதிரி. பழைய கார் என்றால் பழைய வாசம் இருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தவன் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களுக்கு அளவே கிடையாது.

எட்டே முக்காலுக்குக் கலகெதரையில் தேநீருக்கு நிறுத்தினோம். பிளேன் டீயும் ஒரு பருப்பு வடையும். நான் கையில் கோப்பையோடு காரைச் சுற்றி வந்தேன். முன் சில்லுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. நிசாம் நானா தூரத்தில் இருந்து, "எல்லாம் சரியா?" என்று கேட்டார். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இடது பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான், சின்ன வார்த்தை. "சூப்பரா இருக்கு நானா" என்றேன்.

விமலா என்னையே பார்த்தாள். "என்னங்க, முகமெல்லாம் வேர்க்குது?"

"வெயில்."

வெயில் எங்கே இருந்தது! மலைக்கு மேல் மேகம் கட்டிக்கொண்டு நின்றது.

கலகெதரையைத் தாண்டினால் ரோடு இறங்கத் தொடங்கும். குருநாகல் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இது ஓர் இறக்கமாகவே தெரியாது, அதையும் சொல்லவேண்டும். புது வண்டி, புது பிரேக் என்றால் பேசிக்கொண்டே இறங்கிவிடலாம். ஆனால் எங்களுக்கு இடது பக்கம் பள்ளம். விமலா உட்கார்ந்திருந்தது அந்தப் பக்கம். தடுப்புச் சுவர் கொஞ்சத் தூரம் இருக்கும், கொஞ்சத் தூரம் இருக்காது. கீழே ரப்பர் மரங்களின் தலை தெரியும். மரத்தின் அடி தெரியாது.

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவது வளைவில் கொஞ்சம் பிடித்தது. மூன்றாவதில் நான் மிதித்தேன். மிதி கட்டியாகத்தான் இருந்தது, உள்ளே போகவில்லை, ஆனால் கார் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. சில்லுக்குள் எண்ணெய் தடவிய கையால் சுவரைப் பிடிப்பது போல வழுக்கியது. இரண்டு காலையும் வைத்து மிதித்தேன். இடது பக்கம் இழுத்தது. பள்ளத்துப் பக்கம். விமலா பக்கம். சட்டென்று காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். எதிரே வந்த லொறிக்காரன் ஹோன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான்.

மூன்றாவது கியரில் இருந்தது. இரண்டாவதுக்குத் தட்டினேன், கர்ரென்று கத்திவிட்டு விழுந்தது. எஞ்சின் அலறியது, வேகம் கொஞ்சம் குறைந்தது. முதலாவதுக்குப் போகலாம் என்றால் மைனரில் ஓடும்போது முதல் கியர் விழவே விழாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இழுத்த மாதிரியே தெரியவில்லை. பின் சில்லிலிருந்து நீலமாய்ப் புகை வருவது கண்ணாடியில் தெரிந்தது.

விமலாவுக்கு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. பேப்பரைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. "போடவா?"

"வேணாம்."

"ஏங்க, போடவா?"

"போடாத! நான் பாத்துக்கிறேன்."

என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்? எனக்கே தெரியாது. ஆனால் அந்த நிமிடத்திலும், கடவுள் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முன்கண்ணாடியின் நினைவுதான் வந்தது. துணி வெளியே போனால் கிளப் போச்சு, கண்ணாடி போச்சு, மற்ற எட்டு வண்டிக்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். பக்கத்தில் இருபத்தாறு வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள் பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு மானம் முக்கியமாகப் பட்டது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

இன்னொன்றும் தோன்றியது, அது நியாயமான பயம். துணியைப் போட்டால் நிசாம் நானா ஹோன் அடிப்பார். ஹோன் கேட்டால் முன்னால் போகிறவர்கள் நிறுத்துவார்கள். பரா சேரும் நிறுத்துவார். பிரேக் இல்லாத நான் நேரே போய் அந்த இரும்புப் பத்தாயத்தில் மோதுவேன்.

இதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் விமலா கண்ணாடியை இறக்கி, துணியைப் பிடித்த கையை முழுசாக வெளியே நீட்டிவிட்டாள். கறுப்பு ஒயில் ஊறிய அந்தத் துணி காற்றில் படபடவென்று அடித்தது. பின்னால் ஆஸ்டினின் ஹோன் நிற்காமல் கத்தத் தொடங்கியது. விமலா தலையையும் வெளியே நீட்டி, "பிரேக் நே! பிரேக் நே!" என்று, பிரேக் இல்லை என்பதைத் தொண்டை கிழியச் சிங்களத்தில் கத்தினாள். பரா சேர் தமிழர் என்பதே அவளுக்கு அந்த நேரம் மறந்துவிட்டது.

பென்ஸின் பின் விளக்கு சிவந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன். முருகா என்று சொன்னேனா, நினைத்தேனா தெரியாது.

ஆனால் பென்ஸ் நிற்கவில்லை. சிவப்பு அணைந்தது. நாங்கள் நெருங்க நெருங்க அது எங்கள் வேகத்துக்கே ஓடியது. பரா சேரின் கை வலது ஜன்னலால் வெளியே வந்தது. 'வா, வா' என்று உள்ளங்கையால் கூப்பிட்டது. என்னை எங்கே கூப்பிடுகிறார் இந்த மனிதர்? இடைவெளி ஒரு கார் நீளமாகி, அரைக் கார் நீளமாகி, பிறகு இல்லாமலே போயிற்று. டொக் என்று ஒரு சத்தம். அவருடைய பின் பம்பரில் என் முன் பம்பர் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் அவர் பிரேக் போட்டார். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு காரின் பாரத்தையும் அவருடைய கார் தாங்கிக்கொண்டது. எதிரே ஒரு வளைவு வந்தது. இரண்டு காரும் ஒட்டிக்கொண்டே வளைந்தோம். அந்த வளைவு முடிய ஓரமாய்க் கொஞ்சம் அகலமான இடம். அங்கே நின்றோம்.

நின்ற பிறகு, ஸ்டியரிங்கைப் பிடித்த விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. துணியைப் பிடித்த விமலாவின் கை இன்னமும் வெளியேதான் இருந்தது.

நிசாம் நானா ஓடி வந்து முதலில் சில்லுகளுக்குக் கல் வைத்தார். பிறகு விமலாவின் கையிலிருந்து துணியை வாங்கினார். வாங்கியவர் தன் விரலைப் பார்த்தார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"இந்த ஒயில எங்க அடிச்சீங்க?"

நான் காரைக் காட்டினேன். "அடியில... எல்லா இடமும்."

"சில்லுக்கு உள்பக்கமும்?"

"அங்கதான் கூடுதலா."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! பிரேக்குக்கே எண்ணெய் பூசிட்டு வந்தீக்கிறாரே மனுசன்!" சில்லைக் கழற்றி, பிரேக் ட்ரம்மை இழுத்து எடுத்துக் காட்டினார். உள்ளே பிடிக்கிற பட்டையெல்லாம் ஒயில் குடித்துப் பளபளத்தது. தலைவர் குனிந்து பார்த்து "ஷோக்" என்று சொன்ன அதே பளபளப்பு. இப்போது அவரும் வந்து குனிந்தார். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

பரா சேர் தன் பம்பரைத் தடவிக்கொண்டு நின்றார். நடுவில் ஒரு சொட்டை விழுந்திருந்தது. நான் போய், மன்னிக்கச் சொல்லி என்னென்னவோ உளறினேன்.

"அதை விடுங்கோ தம்பி. புதுசாச் சேர வாற ஆளுக்கு முன்னாலை என்ரை காரைத்தான் விடுறவை. ஏனெண்டு நினைச்சீங்கள்? என்ரை அழகுக்கே?" சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "நீங்கள் கிட்ட வாறதைக் கண்ணாடியிலை கண்டனான். ஆனா துணி வரேல்லை. துணி வராட்டி புதுப்பழக்கத்திலை ஒட்டிக்கொண்டு வாறார் எண்டுதானே நினைப்பன். அங்காலை ஒரு ஊசி வளைவு கிடக்கு. இவ பிள்ளை கையை நீட்டியிருக்காட்டி, நான் நேரகாலத்தோடை ஆயத்தப்பட்டிருக்க மாட்டன்" என்றார்.

ஒரு பத்தடி நடந்துபோய் அந்த ஊசி வளைவை எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பெற்றோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்பப் பூட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மற்ற எட்டு வண்டிக்காரர்களும் ரோட்டோரத்தில் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் ஏன் துணி போட்டீர்கள் என்று கேட்கவில்லை. யாரோ பிஸ்கட் பக்கெட் ஒன்றை நீட்டினார்கள். மிச்ச இறக்கத்துக்கு மைனரை நிசாம் நானா ஓட்டினார், பரா சேரின் பம்பருக்கு ஒரு முழம் பின்னால், நடக்கிற வேகத்தில். நிசாம் நானாவோடு வந்திருந்த ஒரு பெடியன் ஆஸ்டினை ஓட்ட, விமலாவும் நானும் அதன் பின் சீட்டில் வந்தோம்.

அங்கேதான் அவள் வாயைத் திறந்தாள். குரல் நடுங்கியது. அவள் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

"பள்ளம் கூடப் பரவாயில்லங்க. பிரேக் இல்லன்னு தெரிஞ்சப்பக்கூட நெஞ்சு திடமாத்தான் இருந்துச்சு. நீங்க 'போடாத'ன்னு கத்துனீங்க பாருங்க, அப்பத்தான் எனக்குப் பயமே வந்துச்சு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

மாவத்தகமையில் சாப்பாடு, கண்டியிலிருந்து முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். சோறு, கோழி, பருப்பு, பொலொஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி, ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு. நன்றாக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தலைவரும் நிசாம் நானாவும் தனியே நின்று பேசினார்கள். தலைவர் தலையாட்டினார். நிசாம் நானா ஓர் உறுப்பினர் அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். எழுந்து நின்று கையையும் நீட்டிவிட்டேன்.

அவர் என்னைத் தாண்டிப் போனார்.

"தங்கச்சிட முழுப் பேர் என்ன?"

விமலா திருதிருவென்று முழித்தாள். "எனக்கு கார் ஓட்டவே தெரியாதுங்களே!"

"ஓடுறது யாராலும் ஓடலாம். பயம் வந்தா துணியப் போடுற ஆளைத்தான் நாங்க சேர்க்கிற. போடாத ஆளுக்குப் பின்னால ஓட எங்களுக்கு ஏலாது." பிறகு என் பக்கம் திரும்பி, பாவம் பார்த்த மாதிரி, "நீங்களும் வாங்க. டிரைவரா வாங்க" என்றார்.

மேசை முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது, மறைக்கவில்லை. கார் வாங்கியது நான், காசு கொடுத்தது நான், அடியில் படுத்தது நான்! வீடு வரும்வரை உம்மென்றுதான் வந்தேன். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையில்லை என்பதால் திரும்பும்போது நானே ஓட்டினேன். கலகெதரைக்குக் கீழே அந்த அகலமான ஓரத்தைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. விமலா என் கைமேல் கையை வைத்தாள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. காருக்கு அடியில் ஒயில் அடிப்பதென்றால் சில்லுப் பக்கம் போகாதீர்கள், அல்லது தெரிந்தவனிடம் கொடுங்கள். ஒயில் பட்ட பிரேக் பட்டையைக் கழுவிச் சமாளிக்கலாம் என்று நம்பவேண்டாம், வழியில் தப்புவதற்குத்தான் அது; நான் மறு வாரமே நாலு சில்லுக்கும் புதிது போட்டேன். எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரில் இறங்குங்கள். கார் ஒரு பக்கம் இழுத்தால் அடுத்த தேநீர்க் கடை வரை காத்திராமல் அங்கேயே நிறுத்துங்கள். கலகெதரை ரோட்டில் காலை ஒன்பதுக்கு முன்னால் இறங்கினால் பஸ் குறைவு. போக வர அறுபத்தைந்து கிலோமீற்றருக்கு மைனர் எட்டு லீற்றர் குடித்தது, பழைய வண்டிக்கு அது மோசமில்லை. கிளப்பின் வருடச் சந்தா ஆறாயிரம் ரூபாய். முன்கண்ணாடியும் வந்துவிட்டது, திருமதி உறுப்பினர் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

போன மாதம் கம்பளை வழியாக நாவலப்பிட்டிக்குப் போனோம், நாங்கள் எட்டாவது, முன்னால் சொட்டை விழுந்த பம்பரோடு பரா சேர். அவர் அதை நேராக்கவில்லை. நாவலப்பிட்டி நெருங்கும்போது திடீரென்று மழை இறங்கியது, அதோடு மூட்டம். முன்னால் பென்ஸ் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. எஞ்சினுக்கும் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் ஓட்ட முடியவில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது, வெறும் பயம். விமலாவின் மடிமேல் எட்டி, துணியை எடுத்து, என் ஜன்னலால் நானே வெளியே போட்டேன்.

பின்னால் ஹோன் கேட்டது. முன்னால் சிவப்பு விளக்குகள் மூட்டத்துக்குள் ஒவ்வொன்றாய் எரிந்தன. ஒன்பது வண்டியும் ஓரமாய் நின்றன. யாரும் இறங்கி வரவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மழை விடும்வரை அப்படியே இருந்தோம். விமலா பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றினாள்.

"மெம்பர் நான் இருக்கேன், என்னைக் கேக்காம டிரைவர் எப்படித் துணியைப் போடலாம்?" என்றாள்.

கோப்பையைப் பிடித்த என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.